குளுவாங் கொட்டகையில் செத்த கங்காணி

சினிமாப் படம் வாய் திறந்து பேச ஆரம்பித்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளுகின்றன. இதனால் நடிப்புக் கலையே கெட்டுப்போகும் என்று ஒருவர் புலம்புகிறார். ஜனங்களுக்குக் காது மந்தமாகிவிடும் என்று இன்னொருவர் பயமுறுத்துகிறார். எனக்கோ, அந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்த புண்ணியவானைக் கண்டால் சாஷ்டாங்கமாகக் காலில் விழலாம் போலிருக்கிறது. (வெள்ளைக்காரராக இருந்தாலும் பரவாயில்லை.) படம் தானே பேசிக்கொண்டால், பக்கத்தில் நின்று அதற்குப் பதிலாகப் பேச ஒரு மனிதன் வேண்டாம் அல்லவா? அந்த மனிதனாக நான் ஒரே ஒரு சாயங்காலம் நின்றிருக்கிறேன். போதும், இந்த ஜன்மத்துக்குப் போதும்.

அப்போது நான் குளுவாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிற உத்தியோகம். வாய்க்கு வேலையே கிடையாது. என் தாய்மாமன் வேலு, காஹாங்கில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸராக இருந்த அருணாசலத்தின் மகளைப் பெண் பார்க்க அழைத்துப் போனார். சிவகாமி காப்பித் தட்டோடு வந்து நின்றாள். பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிடித்துவிட்டது. ரொம்பவே பிடித்துவிட்டது. அதனாலேயே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. டிரஸ்ஸர் என்ன கேட்டாலும் "ம்" என்றேன். எந்த ஊர் என்று கேட்டதற்கும் "ம்"தான்.

மறுவாரம் மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். "ஏம்ப்பா, வாயில என்ன, வெத்தலையா வச்சிருந்த? பையனுக்குப் பேச்சு வருமா வராதான்னு டிரஸ்ஸர் கேக்கறாரு. பேசிக் காட்டினாத்தான் பொண்ணாம்!"

மாமாவின் மூளை எப்போதும் குறுக்கு வழியிலேயே ஓடும். குளுவாங் சினிமாக் கொட்டகையில் படத்துக்குக் கதை சொல்லும் ஆசாமிக்கு அந்த வாரம் தொண்டை கட்டிக்கொண்டிருந்தது. திரைக்குப் பக்கத்தில் கையில் குச்சியோடு நின்று, 'இவன் யார், ஏன் அழுகிறான்' என்று தமிழில் சொல்ல வேண்டும்; அதுதான் அவர் வேலை. மாமா கொட்டகைத் தவுக்கேயிடம் (சீன முதலாளியை அப்படித்தான் அழைப்போம்) பேசி, சனிக்கிழமைக்கு என்னை நிறுத்திவிட்டார். டிரஸ்ஸர் குடும்பத்துக்கு முன்வரிசை நாற்காலியும் சொல்லிவிட்டார்.

"மாமா, நான் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லையே!"

"அதனால என்ன லா? இங்கிலீஷ் எழுத்து வரும், படிச்சுச் சொல்லு. வந்தவங்க மட்டும் பார்த்திருக்காங்களா?"

படம் ஜொகூர் பாருவிலிருந்து ரயிலில், வட்டத் தகரப் பெட்டிகளில் சுருள் சுருளாக வரும். அன்று நல்ல மழை. பெட்டிகளின் மேல் ஒட்டியிருந்த எண்கள் கரைந்து போயிருந்தன. மெஷின் ஓட்டும் ஆ செங் கையில் கிடைத்ததை எடுத்து மாட்டினான். இதெல்லாம் பிறகு தெரிந்த சங்கதி.

ஆட்டம் ஆரம்பித்தது. முன்வரிசையில் டிரஸ்ஸர், அவர் மனைவி, நடுவில் சிவகாமி. திரையில் ஒருவன் குதிரையில் வந்தான். ஆ செங் கைப்பிடியைச் சுற்றிய வேகத்தில் இங்கிலீஷ் எழுத்து கண் சிமிட்டுவதற்குள் ஓடிப்போனது. சரி, ஆனது ஆகட்டும் என்று வாய்க்கு வந்தபடி அளக்க ஆரம்பித்தேன். குதிரைக்காரனுக்கு ராமசாமி என்று பேர் வைத்தேன். அழுதுகொண்டிருந்த பெண்ணுக்கு அலமேலு. பெரிய மீசை வைத்த ஒருவன் அலமேலுவின் கையைப் பிடித்து இழுத்தான். "இவன்தான் அந்தத் தோட்டத்துக் கங்காணி!" என்றேன்.

கொட்டகையே அதிர்ந்தது. வந்தவர்கள் எல்லோரும் தோட்டத்து ஜனங்கள். ஆள் ஆளுக்கு ஒரு கங்காணியின் கீழ் அவஸ்தைப்படுகிறவர்கள். "விடாதே ராமசாமி!" என்று கூச்சல். ராமசாமி சுட்டான். கங்காணி மலையிலிருந்து தலைகுப்புற விழுந்தான். "ஒழிந்தான் பாவி!" என்று குச்சியை ஓங்கினேன். கைதட்டல் அடங்கவே இல்லை. டிரஸ்ஸர்கூடத் தலையை ஆட்டினார். அட, நமக்கும் பேச்சு வருகிறதே என்று எனக்குக் கர்வம் தலைக்கேறியது.

அடுத்த சுருள் ஓடியது. கங்காணி மேஜை முன் உட்கார்ந்து கோழி தின்றுகொண்டிருந்தான்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "அண்ணே, செத்தவன் எப்படி சாப்பிடறான்?"

"இது... இவன் கங்காணியின் தம்பி. அண்ணனுக்காகப் பழிவாங்க வந்திருக்கிறான்."

அப்பாடா, நம்பினார்கள். தம்பியும் கத்திக்குத்துப்பட்டு விழுந்தான். அதற்கடுத்த சுருளில் அதே மீசை, அதே தொப்பி, மாதா கோயிலில் அலமேலு பக்கத்தில் மாப்பிள்ளைக் கோலம்!

"இது யாரு, சித்தப்பா மவனா?" என்றாள் ஒரு பெண்மணி.

"பேய்!" என்றேன். எனக்கே அழுகை வந்தது. சிவகாமி பக்கம் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

பிறகுதான் பெரிய இடி. திரையில் கொட்டை எழுத்தில் படத்தின் பெயர் வந்தது. அதற்குப் பின் ஒரு தொட்டில், தொட்டிலில் ஒரு குழந்தை. அட கடவுளே, இதுதான் முதல் சுருள்! சுவாசம் நின்றுவிடும் போலிருந்தது. ஆனால் வாய் மட்டும் நிற்கவில்லை.

"மகாஜனங்களே! பேயாக அலைந்த கங்காணி, பாவம் தீர்ந்து மறுபிறவி எடுத்துவிட்டான்!"

முன்னால் இருந்த சில பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், இந்த இடத்தில் படம் அறுந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஆ செங் கெடுத்தான். மெஷினை நிறுத்திவிட்டு, "அலமாக்! சாலா லா! சாலா!" என்று தலையில் அடித்துக்கொண்டு கத்தினான். (சாலா என்றால் மலாய் பாஷையில் தப்பு. நான் அதுவரை பேசியதற்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.)

மானம் கப்பலேறிவிட்டது. குச்சியைக் கீழே வைத்தேன். "ஐயா, எனக்கு இந்தக் கதையே தெரியாது. நானும் உங்க கூடத்தான் இப்ப முதல் தடவையா பாக்கறேன்" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன முதல் உண்மை அதுதான். முன்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. சிவகாமி! முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறாள். அது அப்படியே கொட்டகை முழுதும் பரவியது. "பரவால்ல லா, அந்தப் பேயையே மறுபடி காட்டு!" என்று கேட்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும் நான் பின்பக்கமாக நழுவப் பார்த்தேன். டிரஸ்ஸர் வழிமறித்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"தம்பி, நான் ஆஸ்பத்திரியில எத்தனையோ வருஷமா இருக்கேன். உயிரோட இருந்தவன் செத்துப் போறதைத்தான் பாத்திருக்கேன். செத்தவனை இத்தனை தடவை எழுப்பி உட்கார வச்ச ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன். எங்க வீட்டுக்கு நீங்க அவசியம் வேணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பொண்ணும் சரின்னுட்டா" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ம்" என்றேன்.

கல்யாணமாகி இத்தனை வருஷமாக, நான் வீட்டுக்கு நேரம் கழித்து வந்தால் சிவகாமி கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே கேட்பாள்: "வந்தது நீங்களா, உங்க தம்பியா?" பிள்ளைகளும் இப்போது அதையே கேட்கப் பழகிவிட்டார்கள்.

போன வருஷம் எனக்கு மலேரியா கண்டு, நினைவு தப்பி, மாமனார் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தேன். கொயினாவைப் புகட்டிப் புகட்டி அவரே கைவிடும் நிலைக்கு வந்துவிட்டாராம். ஒரு காலை வேளையில் கண் விழித்தேன். சிவகாமி அழுது வீங்கிய முகத்தோடு கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். என்னையே உற்றுப் பார்த்தாள்.

"வந்தது நீங்களா, உங்க தம்பியா?"

"நானேதான் சிவகாமி" என்றேன்.

அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.