எல்டனுக்கு விழாத மான் சீட்டு

அன்புள்ள லைல் அண்ணாவுக்கு,

தங்கை நோரீன் எழுதுவது. நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுத இந்த வாரம் கை வரவில்லை. உன் முதுகுவலி குறைந்திருக்கும் என்றும், பெவர்லி அண்ணியின் தக்காளிச் செடிகளைப் பனி தொடவில்லை என்றும் நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில், “வேட்டை ஏற்பாடு எப்படிப் போகுது?” என்று கேட்டாய். உடனே இங்கே ஏதோ உடைந்த சத்தம் கேட்டது, நான் போனை வைத்துவிட்டேன். தட்டை எறிந்தது நான் இல்லை. உன் அருமை மாப்பிள்ளை எல்டன் ஊன்றுகோலால் மலை வரைபடத்தை என் பக்கம் தள்ளினார், வரைபடத்தோடு தட்டும் வந்துவிட்டது. அவருக்கு ஏன் ஊன்றுகோல் என்று நீ கேட்பாய். அதைச் சொல்ல ஜூன் மாதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கழுதைக்காது மான் வேட்டைக்கு அனுமதிச் சீட்டு தரும் குலுக்கலுக்கு எல்டன் முப்பது வருஷமாக ஒரு வருஷம் விடாமல் பெயர் கொடுப்பவர். இந்த முறை, “நீயும் போடு, துணைக்கு ஒரு பேரு இருக்கட்டும்” என்று என் படிவத்தையும் அவரே நிரப்பினார். முடிவு வந்தது. அவருக்கு இல்லை, எனக்கு விழுந்திருந்தது. துப்பாக்கியை அலமாரியில் துடைத்து வைப்பதைத் தவிர வேட்டைக்கு வேறெதுவும் செய்யாத எனக்கு! எல்டன் திரையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இந்த கம்ப்யூட்டருக்குக் கண்ணு தெரியல” என்றார். அதற்கப்புறம் இரண்டு நாள் நாயோடு மட்டும்தான் பேச்சு. மூன்றாம் நாள் காலையில் ஒரு கட்டு வரைபடத்தோடு வந்து நின்றார். “நீ சுடுற, நான் திட்டம் போடுறேன். எதுத்துப் பேசாத.”

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசை எங்களுடையது இல்லை. வரைபடம், காற்றுத் திசைக் குறிப்பு, எந்த ஊற்றில் எந்த மாதம் தண்ணீர் இருக்கும் என்ற பட்டியல் என்று எல்லாம் அதன் மேல் பரவிக் கிடந்தது, நாங்கள் ஜூலை முழுக்க அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டோம். பிறகு என் காலுக்குப் பயிற்சி. முதுகுப் பையில் இரண்டு மூட்டை மாவைத் திணித்து, தினமும் காலையில் ஊருக்குப் பின்னால் இருக்கும் மொட்டைக் குன்றில் ஏறி இறங்கச் சொன்னார். பெரிய பையோடு நான் தலை கவிழ்ந்து நடப்பதை ஒரு வாரம் பார்த்துவிட்டு, பெட்ரோல் பங்க் டொலோரெஸ் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். “நோரீன், நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். எங்க மாடி ரூம் காலியாத்தான் இருக்கு. அந்த மனுஷன விட்டுட்டு வந்துடு.” மான் வேட்டைக்கு என்றேன். அவள் நம்பவில்லை. இன்றைக்கும் அந்த அறையில் புது விரிப்பு போட்டு வைத்திருக்கிறாள்.

சுடும் பயிற்சியைப் பற்றி எழுதாமல் விட்டால் நான் மனுஷியே இல்லை. இருநூறு கஜத்தில் ஒரு காகிதத் தட்டை நட்டுவைத்து, மூச்சை எப்படி விடுவது, விரலை எப்படி அழுத்துவது என்று முக்கால் மணி நேரம் பாடம் நடத்தினார். நான் ஐந்து குண்டு சுட்டேன். ஐந்தும் தட்டின் நடுவில். எல்டன் தட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “காத்து உதவி பண்ணிருக்கு.” “அன்னைக்குக் காத்தே இல்லையே” என்று நீ அவரிடம் சொல்லிவிடாதே, நானும் சொல்லவில்லை. அடுத்து அவர் சுட்டார். தட்டு புதுசு மாதிரியே இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் இடம் பார்த்து வரக் கிளம்பினோம். கல் பாதையில் ஒரு டயர் போனது, மாற்று டயரைப் போட்டுக்கொண்டு பாதை முடிகிற இடம் வரைக்கும் போய், அங்கிருந்து நடை. விடிகிற நேரத்துக்கு மேட்டு முகட்டில் சேஜ் புதருக்குள் குப்புறப் படுத்திருந்தோம். எல்டன் பைனாகுலரை வைத்துக்கொண்டு என் கையை அழுத்தினார். “அசையாத. அந்தப் பாறைக்குக் கீழ படுத்திருக்கு பாரு. நாலு கிளைக் கொம்பு. என்ன கம்பீரம்!” ஐம்பது நிமிஷம் அந்தக் கம்பீரத்தைப் பார்த்தோம். எனக்குக் கால் மரத்துப்போனது, மூக்கில் எறும்பு ஏறியது. வெயில் அந்தச் சரிவுக்கு வந்ததும் அது பட்டுப்போன ஜூனிப்பர் அடிமரம் என்று தெரிந்தது. நான் சிரிக்கவில்லை, அண்ணா. ஒதுங்க ஒரு புதர் தேடிப் பைனாகுலரை எதிர்ப்பக்கம் திருப்பினேன். அங்கே நின்றது, நிஜ மான்.

ஆஸ்பென் மரங்களின் ஓரத்தில், எங்களைப் பார்த்தபடி. கொம்பின் மேல்தோல் இன்னும் முழுசாக உரியவில்லை, ஓரத்தில் நார்நாராகத் தொங்கியது. காது இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தனித்தனியாகத் திரும்பின. உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எல்டனிடம் சொல்லவில்லை. எனக்கே எனக்கென்று வைத்துக்கொண்டேன். பிறகு பைனாகுலரைக் கொடுத்தேன். “முப்பது வருஷத்துல இப்படி ஒண்ண நான் பாத்ததில்லடி” என்றார். அது ஆடி அசைந்து மரங்களுக்குள் போகும் வரைக்கும் பைனாகுலரை எனக்குத் திருப்பித் தரவே இல்லை.

இறங்கும்போதுதான் விபரீதம். சரளைச் சரிவில் எல்டன் வழுக்கி, இருபது அடி உட்கார்ந்தபடியே போய், முட்டியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். நாலு மைல் தூரத்தை ஆறு மணி நேரம் என் தோளைப் பிடித்தபடி இறங்கினார். பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினார்.

“இந்த முட்டி இன்னைக்குப் போகல, நோரீன். ரெண்டு வருஷமாச்சு. இன்னைக்குப் பல்லக் கடிச்சுட்டுத்தான் ஏறுனேன்.”

“போன வருஷம் மலைக்குப் போனீங்களே? அதுக்கு முந்தின வருஷமும்?”

“பாதை முடியுற வரைக்கும் போனேன். வண்டியில உக்காந்து கதைப் புஸ்தகம் படிச்சேன். சாயங்காலம் சட்டையில மண்ணப் பூசிட்டு வீட்டுக்கு வந்தேன்.”

“எதுக்குங்க இந்த வேஷம்?”

“வெறுங்கையோட வந்தா மான் சிக்கலன்னு நெனைப்ப. முட்டி போயிருச்சுன்னு நெனைக்க மாட்டல்ல?”

இரண்டு வருஷம் இவருக்குச் சாண்ட்விச் கட்டிக் கொடுத்து, கதவுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு கிடந்தவள் நான். எனக்கு வந்த கோபத்தில் அவரை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். அவர் தொப்பியைக் கையில் வைத்து ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். நான் அழுதுவிட்டேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

டாக்டர் இந்த வருஷம் படியேறவே கூடாது என்று சொல்லிவிட்டார், குளிர்காலத்தில் முட்டிக்கு அறுவை சிகிச்சை. நான் சீட்டைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றேன். அவர் நீ தனியாகப் போ என்றார். நீங்கள் இல்லாமல் எனக்கு மலையும் வேண்டாம், மானும் வேண்டாம் என்றேன். அந்தச் சண்டையின் நடுவில்தான் நீ போன் செய்தாய். தட்டுச் சில்லுகளைப் பொறுக்கும்போது எல்டன் சொன்னார்: “என்னால அதத் திரும்பப் பாக்க முடியாது. நீ பாத்துட்டு வந்து சொன்னாப் போதும்.” நான் மசியவில்லை. இத்தனை நாள் அவர் காட்டிய பிடிவாதத்தில் கால் பங்காவது நானும் காட்ட வேண்டாமா? சீட்டைத் திருப்பும் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாளை தபாலில் சேர்ப்பேன். இது என் முடிவான முடிவு. இனி போன் செய்தால் மானைத் தவிர எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசு. வேட்டைக்கு உதவ நீ இங்கே வரும் ஏற்பாட்டையும் நிறுத்திவிடு.

அண்ணிக்கு என் முத்தங்கள். உன் முதுகு நிமிர்ந்து நிற்கட்டும், உங்கள் கூரை இந்தப் பனிக்காலத்தையும் தாங்கட்டும்.

என்றும் உன் பாசமுள்ள தங்கை,
நோரீன்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மதியம் எல்டன் டொலோரெஸைக் கெஞ்சி, அவள் வண்டியில் பாதை முடிகிற இடத்துக்குப் போய் வந்திருக்கிறார். முக்காலியில் நிறுத்தும் பெரிய தூரநோக்கியை அங்கிருந்து திருப்பினால் அந்தச் சரிவு முழுக்கத் தெரிகிறதாம், ஆஸ்பென் ஓரம் உட்பட. “நீ ஏறு. நான் கீழ நாற்காலி போட்டு உக்காந்து பாத்துட்டே இருப்பேன். ஒரு நொடி கண்ண எடுக்க மாட்டேன்” என்றார். படிவத்தைக் கிழித்துவிட்டேன். அக்டோபர் ஐந்தாம் தேதி விடிவதற்குள் நீ கட்டாயம் இங்கே இருக்க வேண்டும், உன் முதுகு தாங்கும் அளவுக்காவது இறைச்சி சுமக்க ஆள் வேண்டும். அவரிடம் சொல்லாதே, அதைச் சுட எனக்கு மனசு வருமா என்று இந்த நிமிஷம் வரை தெரியாது. ஆனால் ஏறத்தான் போகிறேன். முப்பத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் உன் மாப்பிள்ளை ஒரு முழுநாள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கப் போவது இதுதான் முதல் தடவை. அண்ணியின் ஆரஞ்சு ஸ்வெட்டரை மறக்காமல் எடுத்து வா. மானுக்கு அந்த நிறம் தெரியாதாம். எல்டனுக்குத் தெரியும்.