குனியச் சொன்ன அக்காவுக்கு ஒரு தையற்காரன் எழுதுவது

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களின் சமூகத்திற்கு,

தங்கள் ஒரே தம்பி, தையற்கடைக்காரன், பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்தவர் வீட்டு நிம்மதியை மூட்டை கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் சுகமாகத்தானே இருக்க வேண்டும்! நாங்களும் சுகமாகத்தான் இருந்தோம், போன மாதம் தாங்கள் இரண்டு நாள் விருந்தாளியாக வந்து இறங்கும் வரைக்கும்.

நடந்ததைத் தாங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. கடையில் பட்டன் டப்பா கவிழ்ந்தது, என் மகள் குனிந்து பொறுக்கினாள். பன்னிரண்டு வயதுப் பெண் சொல்லாமலே பட்டன் பொறுக்கினால் மற்ற அத்தைகள் கெட்டிக்காரி என்று கன்னத்தைத் தட்டுவார்கள். தாங்கள் டிரில் டீச்சர் ஆயிற்றே, சும்மா இருப்பீர்களா? "எங்க, திரும்பி நில்லு. ரெண்டு கையையும் சேத்து வச்சு மெதுவாக் குனி" என்று அவளை மடக்கி வைத்துவிட்டு, சட்டைக்கு அளவு கொடுக்க வந்த வாடிக்கையாளர்கள் மூன்று பேர் முன்னிலையில் "டேய், இங்க வா. வலது பக்கம் பாரு, மேடா இருக்கு" என்றீர்கள். "துணி சுருங்கியிருக்கும்க்கா" என்றேன். "நான் துணியைச் சொல்லலடா, முதுகைச் சொல்றேன்" என்றீர்கள். இருபத்திரண்டு வருஷமாகத் தைக்கிறேன். என் கடையில் நின்றுகொண்டு என் பிள்ளையின் முதுகில் கோணல் கண்டுபிடித்த முதல் ஆள் தாங்கள்தான். பெரிய சாதனை, மாலை வாங்கி அனுப்பட்டுமா?

தாங்கள் பஸ் ஏறிவிட்டீர்கள், நான் மாட்டிக்கொண்டேன். உங்கள் தம்பி பெண்டாட்டி அன்றிலிருந்து சமையலறைக்கும் போவதில்லை, தையல் மெஷினிலும் உட்காருவதில்லை, பிள்ளையின் முதுகுக்குப் பின்னாலேயே நடக்கிறாள். பாபினில் நூலைக் கட்டிச் சுவரில் தொங்கவிட்டு, அதன் முன்னால் பிள்ளையை நிறுத்தி நேராக இருக்கிறாளா என்று பார்த்தாள். பார்த்ததில் சுவர்தான் கோணல் என்று தெரிந்தது. இதை நம் கடையில் பட்டன் துளைக்குக் காஜா போடுகிற பெரியவர் போய் டீக்கடையில் சொல்ல, அது மாடியில் இருக்கும் வீட்டு ஓனர் காதுக்கு ஏற, அவர் தடதடவென்று இறங்கி வந்து "என் வீடு சாயுதுன்னு ஊரெல்லாம் சொல்றியாமே?" என்று சண்டைக்கு நின்றார். உன் தம்பி பெண்டாட்டி அசரவில்லை. "அது கிடக்கட்டும் சார், நீங்க நிக்கிறதே ஒரு பக்கமா இருக்கே, கொஞ்சம் குனிங்க பாப்போம்" என்றாள். அந்த மனுஷன் கோபத்திலும் குனிந்தார். நிமிரத்தான் முடியவில்லை. நானும் காஜாக்காரரும் அவரை அதே வளைவோடு மாடி வரைக்கும் தூக்கிக்கொண்டு போனோம். இன்றைக்கு வரைக்கும் என்னோடு பேச்சு வார்த்தை கிடையாது.

அடுத்து, காரணம் கண்டுபிடிக்கும் படலம். பள்ளிக்கூடப் பைதான் காரணம் என்றார் காஜாக்காரர். பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்து நிறுத்தோம். உள்ளே புத்தகத்தை விடக் கூழாங்கல்தான் அதிகம், சேர்த்து வைக்கிறாளாம். காலி செய்தோம். தலையணைதான் காரணம் என்றாள் உன் தம்பி பெண்டாட்டி. பிடுங்கிப் பரணில் போட்டோம். செல்போனைக் குனிந்து பார்ப்பதுதான் காரணம் என்று நான் சொன்னேன், அதையும் பூட்டி வைத்தோம். பிள்ளை ஒரு வாரமாக என்னைக் கொலைகாரனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாள். இவ்வளவும் செய்துவிட்டுப் பெருமையாக உனக்குப் போன் போட்டால் நீ என்ன சொன்னாய்? "பை தூக்கினா முதுகு வலிக்கும்டா, முதுகெலும்பு இந்த மாதிரி வளையாது. கூன் போட்டு உக்காந்தாலும் வராது. முக்கால்வாசிப் பிள்ளைங்களுக்கு ஏன் வருதுன்னே தெரியாது. சில குடும்பத்துல ரெண்டு மூணு பேருக்கு இருக்கும், அவ்வளவுதான்." ஆகா! காரணம் தெரியாதாம், நோய் மட்டும் தெரியுமாம். குடும்பத்தில் இருக்கும் என்றால் அது உன் குடும்பமும்தானே தாயே? முதலில் நீ குனிந்து அத்தானிடம் காட்டினாயா?

"வலிக்குதா கண்ணு?" என்று பிள்ளையைப் பத்துத் தடவை கேட்டாகிவிட்டது. "இல்லப்பா, விடுங்கப்பா" என்கிறாள். ஓடுகிறாள், குதிக்கிறாள், தம்ளரைத் தூக்கி எறிகிறாள். இதைச் சொன்னால் அதற்கும் உன்னிடம் பதில் தயார். "வலிக்காதுடா, அதனாலதான் யார் கண்ணுக்கும் படாமப் போகுது. கிடுகிடுன்னு வளர்ற வயசுலதான் வளைவும் கூடும். இப்பவே பாத்தா பெல்ட் போட்டு அதோட நிறுத்திடலாம். ஆறு மாசம் தள்ளினா எங்க போய் நிக்குமோ." வலித்தாலும் நோய், வலிக்காவிட்டாலும் நோய். உன் பள்ளிக்கூடத்தில் நல்லா இருக்கிற பிள்ளை என்று யாரையாவது ஒத்துக்கொள்வீர்களா, இல்லை எல்லாரையும் மடக்கியே வைத்திருப்பீர்களா?

அளவு நோட்டைப் பார் என்றாய். பார்த்தேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இரண்டு தோளும் ஒன்று. போன வருஷம் இடது தோளைக் கால் அங்குலம் இறக்கி வெட்டியிருக்கிறேன். இந்த வருஷம் அரை அங்குலத்துக்கு மேல், இடுப்பில் ஒரு பக்கம் கொஞ்சம் பிடித்து இன்னொரு பக்கம் விட்டிருக்கிறேன். அதனால் என்ன? ஆளுக்குத் தகுந்தபடி வெட்டுவதற்குப் பெயர்தான் தையல். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே என் மகள் யூனிபார்ம் மாதிரி உடம்பில் உட்கார்ந்த யூனிபார்ம் இன்னொன்று கிடையாது. டீச்சர்களே யார் தைத்தது என்று கேட்கிறார்கள். எங்கேயாவது ஒரு சுருக்கம், ஒரு இழுப்பு காட்டு, நான் கத்தரியைக் கீழே வைத்துவிடுகிறேன்.

ஆகையால், என்னைக் கேட்காமல் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு உன் ஊர் எலும்பு டாக்டரிடம் பெயர் பதிந்து வைத்திருக்கிறாயே, அந்த இடத்தை வேறு யாராவது உண்மையான நோயாளிக்குக் கொடுத்துப் புண்ணியம் தேடிக்கொள். எனக்கு நாற்பது யூனிபார்ம் பாக்கி இருக்கிறது. என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. இதுவே என் முடிவு, இனி இது பற்றிப் போனும் வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். தங்கள் இல்லத்தில் அனைவரது முதுகும் என்றென்றும் நேராக விளங்கப் பிரார்த்திக்கும்,

தங்கள் அன்புத் தம்பி.

பி.கு.: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். விளையாட்டுப் போட்டிக்கு வகுப்பில் எல்லாருக்கும் ரெடிமேட் பனியன் கொடுத்திருக்கிறார்கள். போட்டுக்கொண்டே வந்துவிட்டாள். "அப்பா, எல்லாருக்கும் சரியா இருக்கு, எனக்கு மட்டும் கழுத்து இடது பக்கமாவே சரியுது. தச்சவங்களுக்குத் தைக்கத் தெரியல. நீங்க சரி பண்ணிக் குடுங்க" என்றாள். எனக்கும் அதே கோபம்தான் வந்தது. கழற்றச் சொல்லி, உள்பக்கம் திருப்பி, மேஜையில் விரித்து டேப் வைத்தேன். இரண்டு தோளும் ஒரே அளவு. மறுபடி வைத்தேன். மூன்றாவது தடவை காஜாக்காரரிடம் கொடுத்து அளக்கச் சொன்னேன். அவர் டேப்பைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். பனியனில் தப்பில்லை அக்கா. நான் தைக்காத துணியை அவள் உடம்பில் இன்றைக்கு வரைக்கும் நான் பார்த்ததே இல்லை.

பிரித்துத் தைக்கக் கத்தரியை எடுத்தேன், முடியவில்லை. "இப்படியே போட்டுக்கோம்மா" என்றேன். "கோணலாத் தெரியுமேப்பா?" என்றாள். "தெரியட்டும்" என்று சொல்லிக் கத்தரியை டிராயரில் போட்டு மூடினேன்.

செவ்வாய்க்கிழமை விடிகாலை பஸ்ஸில் மூன்று பேரும் வருகிறோம். பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடு. மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடத்தான் நினைத்தேன், நீ நாலு திட்டுத் திட்ட ஏதாவது வேண்டுமே என்று அப்படியே அனுப்புகிறேன். பயமாக இருக்கிறது அக்கா. கால் அங்குலமாக இருந்தபோதே கூட்டி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். நீ முன்னாலேயே கேட்டு வைத்துவிடாதே. அதை நானே கேட்டுக்கொள்கிறேன்.