வளை ஆபீஸில் சிங்கம் எழுதவைத்த வரிகள்

ஒரு காட்டில் சிங்கம் இருந்தது, நரி இருந்தது, இரண்டையும் மிஞ்சிய தொல்லையாகக் கம்ப்யூட்டரும் இருந்தது. யாருக்கு எந்த வளை, எந்தப் பொந்து என்ற விவரமெல்லாம் மலைக்குகையில் ஒரு பெரிய சர்வரில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டது யானை. அடிவாரத்து வளை ஒதுக்கீட்டு ஆபீஸில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். குகையிடம் கேட்டுச் சொல்வதுதான் அதற்கு வேலை. அதன் முன்னால் உட்கார்ந்திருந்தது பூங்காவனம் என்ற கீரி. கெட்டிக்காரிதான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

அந்தச் சின்னக் கம்ப்யூட்டருக்கு ஒரு செட்டிங்ஸ் ஃபைல் உண்டு. குகை எங்கே இருக்கிறது, எந்தக் கதவைத் தட்டுவது, யார் பெயரைச் சொல்வது, பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது. அவ்வளவுதான் அதில் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

பக்கத்துக் காட்டு மாநாட்டுக்குப் போய்வந்த நரி சும்மா இருக்குமா? சிங்கத்தின் காதில் எதையோ ஓதிவிட, சிங்கம் நேரே ஆபீஸுக்கு வந்து நின்றது.

"ஏம்மா, வேகம் பத்தலையாமே! குகைக்கு மெமரி பத்து மடங்கு, ஒரே நேரத்துல ஆயிரம் பேருக்கு அனுமதி. எழுது இந்த ஃபைல்ல!" என்றது சிங்கம்.

"ஐயா, அதெல்லாம் குகையோட ஃபைல்ல, யானை அண்ணன் எழுத வேண்டியது. இங்க எழுதினா, பந்தியில உக்காந்தவன் தன் இலையில 'அடுப்பைப் பெருசாக் கட்டு'ன்னு எழுதி வச்ச மாதிரி இருக்கும்."

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். சிங்கத்துக்குப் பிடரி சிலிர்த்தது.

"எனக்கே பாடமா? நாளைக்குக் காலையில வருவேன். என் வரிகளும் ஃபைல்ல இருக்கணும், கவுண்டரும் திறந்திருக்கணும். இல்லேன்னா உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்!"

மனிதர்கள் இதைச் சும்மா மிரட்டலுக்குச் சொல்வார்கள். இங்கே அப்படி ஒரு காடு நிஜமாகவே மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. போன வருஷம் அங்கே மாற்றலாகிப் போன தவளையிடமிருந்து இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. பூங்காவனத்துக்கோ வீட்டில் கண் திறக்காத குட்டிகள் இருந்தன.

சொன்னபடியே வரிகளை எழுதிப் பார்த்தது. "இதெல்லாம் எனக்குத் தெரியாத சங்கதி" என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. கவுண்டர் மூடியது. வரிசையில் நின்ற நிறைமாத முயல், "அக்கா, மழைக்கு முன்னால எனக்கு வளை கிடைக்குமா, கிடைக்காதா?" என்று அழாத குறையாகக் கேட்டது.

வரிகளை எடுத்தால் சிங்கம் விடாது, வைத்தால் கம்ப்யூட்டர் விடாது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அடக் கடவுளே என்று தலையைப் பிடித்துக்கொண்டபோதுதான் பூங்காவனத்துக்கு ஒன்று ஞாபகம் வந்தது. எந்த வரிக்கு முன்னால் # என்ற குறி இருக்கிறதோ, அந்த வரியைக் கம்ப்யூட்டர் சட்டையே பண்ணாது. உடனே சிங்கத்தின் வரி ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு #. கவுண்டர் திறந்தது. முயலுக்கு மேட்டுப்பக்கம் நல்ல வளையாகக் கிடைத்தது.

மறுநாள் சிங்கம் நரியோடு வந்தது. தன் வரிகளைப் பார்த்து முகம் மலர்ந்தது. "பார்த்தியா, என்ன வேகம்!" என்று நரியிடம் பெருமையடித்தது. வேகமோ நேற்று இருந்த அதே வேகம்தான்.

"அது சரி, முன்னால என்னமோ கோடு கோடா இருக்கே?" என்று சிங்கம் பூங்காவனத்திடம் கேட்டது.

பூங்காவனத்துக்கு மூச்சு நின்றுவிட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை.

"மரியாதைக் குறிங்க ஐயா. எங்கள மாதிரி ஆளுங்க வரிக்கெல்லாம் போடமாட்டோம். பெரியவங்க சொன்னதுக்கு மட்டும்தான்."

சிங்கம் பூரித்துப்போனது. "இனிமே எந்த ஆபீஸா இருந்தாலும் என் ஆணைக்கு முன்னால இந்தக் குறி இருக்கணும்!" என்று கர்ஜித்தது. அன்றிலிருந்து அந்தக் காட்டில் நிர்வாகம் ஜோராக நடக்கிறது, ஒரு குழப்பமும் கிடையாது.

சிங்கம் நன்றி மறக்காதது. பூங்காவனத்துக்குத் தலைமை அதிகாரி பதவி, சம்பள உயர்வு என்று ஆணை போட்டது. தன் கையாலேயே, முன்னால் பெரிதாக ஒரு # போட்டு.

நீதி: பெரியவர் சொல்லைத் தட்டாதே, முன்னால் ஒரு # தட்டு. உன் பதவி உயர்வை மட்டும் # இல்லாமல் நீயே தட்டிக்கொள்.