லாரி வேண்டாம், மச்சான்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

நானும் உங்கள் தங்கையும் இங்கே சௌக்கியம். நீங்கள் சௌக்கியமா என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் சூப்பர் மார்க்கெட் விளம்பரத் தாள் போன வாரம் எங்கள் வீட்டுக் கதவிடுக்கிலும் வந்து விழுந்தது. தக்காளி சாஸுக்கும் சோப்புத் தூளுக்கும் நடுவில் நீங்கள் கைகட்டிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. சந்தோஷம்.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை திறக்கப்போகிற எங்கள் கடைக்கு, உங்கள் கிடங்கிலிருந்து ஒரு லாரி சரக்கு அனுப்புவதாகப் போனில் சொன்னீர்கள். "அலமாரி காலியா இருந்தா அசிங்கம்மா. உன் வீட்டுக்காரரால ஒரு முட்டைகூட வாங்கிட்டு வர முடியாது" என்றும் சொன்னீர்கள். உங்கள் தங்கை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினாள், எனக்கும் கேட்டது. லாரி வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதற்குத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லலாம். ஆனால் போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். எங்கள் கல்யாணத்தன்று நான் இரண்டு வார்த்தை பேச எழுந்தபோதே குறுக்கே பேசியவர் நீங்கள். கடிதத்தில் அது நடக்காது.

கடை என்றால் உங்கள் கடை மாதிரி இல்லை. கார் நிறுத்தும் கொட்டகையைத்தான் கடையாக்கியிருக்கிறோம். அலமாரிக்கெல்லாம் அவளே பச்சைப் பெயின்ட் அடித்தாள். தலைமுடியில் இன்னும் கொஞ்சம் பச்சை இருக்கிறது. கடைக்கு ஒரே ஒரு சட்டம்: சைக்கிளில் போய் இருட்டுவதற்குள் திரும்பி வரக்கூடிய தூரத்தில் செய்த தின்பண்டம் மட்டும்தான் விற்க வேண்டும். யார் செய்தது என்று கேட்டால், அதோ அந்த வளைவுக்கு அப்பால் இருக்கிறாரே அவர், என்று கைகாட்ட முடிய வேண்டும். சட்டம் அவளுடையது, சைக்கிள் மிதிப்பது நான். "நீங்க இத்தனை வருஷம் இந்த வட்டாரத்துக்கு உணவு ஆய்வாளரா இருந்தீங்க. எல்லாரையும் உங்களுக்குத் தெரியும். போய்ச் சரக்கு பேசி முடிச்சுட்டு வாங்க. இது நிறையலன்னா பூட்டிட்டுச் சாவியை ஆத்துல போட்டுடுவேன், அண்ணன் கடைக்குக் கிளையா மட்டும் ஆக்க மாட்டேன்" என்றாள். அந்தக் கடைசி வரியை அவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். நான் சொல்கிறேன்.

எல்லாரையும் எனக்குத் தெரியும் என்பது உண்மை. எல்லாருக்கும் என்னையும் தெரியும் என்பதை இருவருமே யோசிக்கவில்லை. விருப்ப ஓய்வு வாங்கி நான் வெளியே வந்துவிட்டேன். (எனக்கு வர வேண்டிய பதவி உயர்வை வினிகருக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியாத என் ஜூனியருக்குக் கொடுத்தார்கள் என்பதை உங்களுக்கு முன்பே எழுதியிருக்கிறேன், மறுபடியும் எழுதுவேன்.) ஆனால் நான் ஓய்வு பெற்ற செய்தி இந்த வட்டாரத்தில் யாருக்கும் எட்டவில்லை. எட்டியிருந்தாலும் யாரும் நம்பவில்லை.

முதலில் ரொட்டிக்காரரிடம் போனேன். தெருமுனையிலேயே வாசனை ஆளை இழுக்கிறது, புகைபோக்கியில் புகை. கொல்லைப் பக்கம் போனால் மனிதர் முழங்கைவரை வெள்ளையாக நிற்கிறார். "கடைக்கு ரொட்டி வேணும்" என்றேன். "ரொட்டியா? இங்கயா? நான் சுவத்துக்கு வெள்ளையடிச்சுட்டு இருக்கேன் சார்" என்றார். அவருக்குப் பின்னால் இருந்த சுவர் மழையில் ஊறிப் போன செங்கல் நிறத்தில் இருந்தது. "வாசனை வருதே?" என்றேன். "எனக்கும் வருது சார், யார் வீடுன்னு தெரியல, வயித்தெரிச்சலா இருக்கு" என்று என்னோடு சேர்ந்து மூக்கை உறிஞ்சினார். அங்கிருந்து தேன்காரர். தோப்புக்குள் வரிசையாகப் பெட்டிகள், பெட்டிகளைச் சுற்றிக் காது அடைக்கிற ரீங்காரம், நடுவில் வலைத் தொப்பி போட்டுக்கொண்டு அவர். "தேனா? இந்தப் பூச்சிங்களுக்கும் எனக்கும் பழக்கமே கிடையாது சார். தானா வந்து தங்கியிருக்குங்க, ஒண்ணு ரெண்டு நாள்ல கிளம்பிடும்." சரி, தலையில் எதற்கு வலைத் தொப்பி? "வெயில் சார்." அப்போது தூறிக்கொண்டிருந்தது. பழக்கமில்லாத பூச்சிகளில் ஒன்று என் மேலுதட்டில் கொட்டியது. வீடு திரும்பி நடந்ததைச் சொன்னேன். உதடு வீங்கியிருந்ததால் உங்கள் தங்கைக்குப் பாதி புரியவில்லை, புரிந்த பாதிக்குச் சிரித்தாள்.

நான் என்ன செய்வேன் என்று நினைக்கிறீர்கள்? கோபம் வந்தது, உண்மைதான். ஆனால் கோபத்தைவிட ஆச்சரியம் பெரிதாக இருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் நான் போவதற்குச் சற்று முன்னால்தான் பாத்திரங்கள் கவிழ்க்கப்பட்டிருக்கின்றன, தரை ஈரமாக இருக்கிறது. நான் வருவது இவர்களுக்கு எப்படித் தெரிகிறது? வேலையில் இருந்த காலத்தில் தோன்றாத கேள்வி இது. அப்போது தரை ஈரமாக இருந்தால் சுத்தம் என்று எழுதிவிட்டு வந்துவிடுவேன். யோசித்துப் பார்த்ததில், எல்லாப் பயணத்திலும் பால் வண்டி ஒன்று என்னைத் தாண்டிப் போனது ஞாபகம் வந்தது. தாண்டும்போது ஹார்ன் அடிக்கும், நீளமாக ஒன்று, குட்டியாக இரண்டு. சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று மறுநாள் எங்கேயும் போகாமல் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றேன். பால் வண்டி வந்தது. நீளமாக ஒன்று, குட்டியாக இரண்டு. மேட்டின் மேல் ரொட்டிக்காரர் வீட்டுப் புகை சட்டென்று நின்றது. மச்சான், அந்த நொடியில் எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தை உங்களால் புரிந்துகொள்ள முடியாது. நீங்கள் எதையும் கண்டுபிடித்ததில்லை, வாங்கித்தான் விற்றிருக்கிறீர்கள்.

அடுத்த நாள் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டு பஞ்சர் என்று சொல்லிப் பால் வண்டியையே நிறுத்தி ஏறிக்கொண்டேன். வண்டிக்காரர் முகம் அவர் கொண்டுபோகிற பாலைவிட வெளுத்துவிட்டது. முதல் வளைவிலேயே கை தானாக ஹார்னுக்குப் போனது. "எதுக்கு ஹார்ன்?" என்றேன். "முயல் சார்." அடுத்த வளைவு. "மறுபடியுமா?" "இந்தப் பக்கம் நிறைய சார்." இப்படி வளைவுக்கு ஒரு முயலாகத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்போது, ரொட்டிக்காரர் வேலியிலிருந்து எட்டிப் பார்த்து, நான் உட்கார்ந்திருப்பது தெரியாமல், "ஏய், தெர்மாமீட்டர் இன்னிக்கு எந்தப் பக்கம் போவுது?" என்று கத்தினார். தெர்மாமீட்டர் என்றால் நான். இத்தனை வருடமாக இந்த வட்டாரம் முழுக்க எனக்கு அதுதான் பெயராம். போகுதாம், வருதாம், எட்டிப் பாக்குதாம்! சட்டைப் பையில் எப்போதும் ஒன்று வைத்திருப்பேன் என்பது வாஸ்தவம்தான். அதற்காக ஒரு படித்த மனிதனை அஃறிணையில் சேர்ப்பதா? வண்டிக்காரர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அது வேற தெர்மாமீட்டர் சார்" என்றார்.

அவர் கடைசியாகப் பால் ஏற்றும் இடம் ஆட்டுக்காரம்மா வீடு. இறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, கீழே நிலவறை இருக்கிறது, அதில் சீஸ் இருக்கிறது. மூக்கு விஷயத்தில் நான் யாருக்கும் இளைத்தவன் இல்லை. அந்தம்மாள் நிலவறைக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, "உள்ள போக முடியாது சார், என் வீட்டுக்காரர் காய்ச்சலோட படுத்திருக்காரு" என்றார். அதே நேரத்தில் வீட்டுக்காரர் இரண்டு கையிலும் வாளியோடு தொழுவத்திலிருந்து வந்து, "வாங்க சார், சௌக்கியமா?" என்றார். அம்மாள் கண்ணிமைக்காமல் அவரைப் பார்த்து, "எழுந்துட்டீங்களா? இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன், அதிகாரி இல்லை, என் மனைவியின் கடைக்கு வாங்க வந்திருக்கிறேன் என்றேன். "வாங்க வர்றேன்னு சொல்லிட்டு வர்றதுதான் சார் அதிகாரிங்களோட பழைய வேலை" என்றார். சத்தியம் செய்தேன். அம்மாள் கையை நீட்டினார். "அப்ப அதைக் குடுங்க." எதை? "உங்க பையில இருக்கறதை." மச்சான், அது வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் நெஞ்சோடு இருக்கிற பொருள். கொடுத்தேன். அவர் அதை மடியில் செருகிக்கொண்டு கதவைத் திறந்தார்.

உள்ளே வட்ட வட்டமான சீஸைப் பலகை நிறைய அடுக்கியிருந்தார், ஒவ்வொன்றின் மேலும் சாம்பல் நிறத்தில் பூனை ரோமம் போல மெல்லிய பூஞ்சை. ஒரு துண்டு நறுக்கிக் கொடுத்தார். எப்படி எழுதுவேன்? முதலில் உப்பு. பிறகு காளான் மாதிரி, மழை பெய்த மண் மாதிரி ஒன்று. விழுங்கிய பிறகு எங்கிருந்தோ ஒரு இனிப்பு, அது பாலிலிருந்தா ஆடு தின்ற தழையிலிருந்தா என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளாமல் தூங்க முடியாது என்று தோன்றியது. ஆடு எதைத் தின்கிறது, எந்த மேட்டில் மேய்கிறது, மழைக்காலத்தில் ருசி மாறுமா என்று அடுக்கிக்கொண்டே போனேன். இத்தனை வருடங்களில் இந்த வீட்டுக்கு எத்தனையோ முறை வந்து பாலின் குளிரை அளந்திருக்கிறேன், குறிப்பு எழுதியிருக்கிறேன். எதையும் ஒரு வாய் தின்றதில்லை. விதிமுறையில் இடமில்லை. "இருங்க, இதோட ரொட்டி சாப்பிடணும்" என்று அவர் மேலே போனார். (ரொட்டி, வெள்ளையடிக்கிறவர் சுட்டது.)

அந்த இடைவெளியில்தான் அது நடந்தது. ஒரு நல்ல காரியம் செய்வோமே என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்ததிலேயே பெரிய சீஸை எடுத்து, கைக்குட்டையை நனைத்து, அந்தப் பூஞ்சையைச் சுத்தமாகத் துடைத்து, வழவழவென்று ஆக்கி வைத்தேன். பழக்கதோஷம், வேறென்ன சொல்ல. ரொட்டித் தட்டோடு வந்த அம்மாள் போட்ட கூச்சலில் ஆடுகளெல்லாம் பதில் குரல் கொடுத்தன. "ஐயோ! மாசக்கணக்கா வளர்த்ததை மொட்டையடிச்சுட்டீங்களே! அந்தத் தோல்தான் சார் அதோட உசுரு! உங்களுக்கு யாராவது இப்படி நனைச்ச துணியால தலையைத் துடைச்சா..." என்று ஆரம்பித்து, என் தலையைப் பார்த்து, அங்கே துடைக்க ஏதுமில்லை என்று கண்டு, சிரித்துவிட்டார். வீட்டுக்காரரும் சிரித்தார். பால் வண்டிக்காரர் படியிறங்கி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அம்மாள் அந்த மொட்டைச் சீஸைத் துணியில் சுற்றி என் கையிலேயே கொடுத்து, "நீங்க மழிச்சது, நீங்களே தின்னுங்க. இனி உங்க வீட்டம்மாவை அனுப்புங்க, அவங்ககிட்ட பேசிக்கிறோம்" என்றார்.

உங்கள் தங்கை ஒரு வாய் தின்றாள். உடனே செருப்பை மாட்டிக்கொண்டு பால் வண்டிக்குக் கை காட்டினாள். நேற்று சாயங்காலம் ஆட்டுக்காரம்மா வீட்டிலேயே எல்லாரும் கூடிப் பேசினார்களாம். இன்று காலை வாசலைத் திறந்தால் தேன் ஜாடிகள். பிறகு முட்டைக் கூடை. ஆமாம் மச்சான், முட்டை. நாளை முதல் ரொட்டி வரும், சீஸ் வரும். இதெல்லாம் போக, வினிகர்! எங்கள் தெருவிலேயே, அந்த நீலக் கதவு வீட்டுக்காரர், பீப்பாய் பீப்பாயாக ஆப்பிள் வினிகர் போடுகிறாராம். நான் தினம் வணக்கம் சொல்லிக்கொண்டு அந்தக் கதவைத் தாண்டித்தான் ஆபீஸுக்குப் போவேன். எப்படி மறைத்தான் என்று நேற்றிரவெல்லாம் யோசித்தேன். காற்று அடிக்கும் திசையாக இருக்குமோ?

ஆகவே லாரி வேண்டாம். எனக்காக ஒரு உயரமான ஸ்டூல் செய்து கல்லாவுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். வருகிற ஒவ்வொருவருக்கும் இந்தச் சீஸின் தோல் எதற்கு, இந்தத் தேன் ஏன் கறுப்பு என்று நானே விளக்கப் போகிறேன். எனக்கு விருப்ப ஓய்வு கிடைத்தபோது, உங்கள் குளிர்கிடங்கு வாசலில் நாற்காலி போட்டு, "சும்மா இருக்கற நேரத்துல எங்க சரக்கைச் சரிபார்த்துக்கிட்டு இருக்கலாமே" என்றீர்கள். பிளாஸ்டிக்கைச் சோதிக்க நான் படிக்கவில்லை என்றேன். அதைத் திரும்பச் சொல்ல இன்றும் தயார்.

உங்கள் மனைவி, என் தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, அப்பாவைப் போல் குறுக்கே பேசாமல் வளர இந்த மாமாவின் ஆசிகள். நீங்களும் வியாபாரம் குறையாமல், கன்னம் மேலும் கூடாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் தங்கை வந்தாள். நேற்றுக் கூட்டத்தில் ஒரு நிபந்தனை போட்டார்களாம், சொல்ல மறந்துவிட்டாளாம். கடை திறந்திருக்கும் நேரத்தில் சார் உள்ளே இருக்கக் கூடாது, சரக்கைத் தொடக் கூடாது. ஜன்னல் வழியாகப் பார்க்கவும் கூடாது என்பது ஆட்டுக்காரம்மா தனியாகச் சேர்த்தது. ஒப்புக்கொள்வதற்கு முன் யோசித்தாயா என்று கேட்டேன். "யோசிக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றாள். ஸ்டூலின் மேல் இப்போது தேன் ஜாடி இருக்கிறது.

மச்சான், அந்த லாரியைக் காலியாகவே அனுப்புங்கள். திரும்பும்போது நான் ஏறிக்கொள்கிறேன். அந்தக் குளிர்கிடங்கு நாற்காலி இன்னும் காலியாக இருக்குமென்று நம்புகிறேன். மத்தியானச் சாப்பாடு என்னுடையது: ரொட்டி, மொட்டைச் சீஸ், கொஞ்சம் தேன். பங்கு கேட்கக் கூடாது. இன்னொன்று, என் தெர்மாமீட்டர் ஆட்டுக்காரம்மாவிடமே தங்கிவிட்டது. உங்களிடம் ஒன்று இருக்குமா?