கத்திப் பரியாரிக்கு நாய் குரைக்காது

வன்னியில், தர்மபுரத்தில் குண்டுக்குப் பயப்படாத ஆட்கள் சிலர் இருந்தார்கள். கத்திப் பரியாரிக்குப் பயப்படாத குசினி ஒன்றுகூட இருந்ததில்லை.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து அங்கே கொட்டில் போட்டபோது, கத்திக்கு வைத்தியம் பார்க்கிறவர் என்று ஊரார் அப்படித்தான் அவரைச் சொன்னார்கள். வீட்டுக்கு வீடு போய்க் கத்தியில் கூர் இருக்கிறதா என்று பார்ப்பதே அவர் வேலை. யாரும் கூப்பிடுவதில்லை, கூலியும் இல்லை. உச்சிவெயிலில் குசினி அடுப்படியில் நிற்கிற பெண் சும்மா திரும்பிப் பார்ப்பாள். வாசலில் அவர் குந்தியிருப்பார். படலை திறந்த சத்தமே கேட்டிருக்காது. எங்கள் நாயும் குரைக்காது, கட்டிலுக்குக் கீழே போய்விடும்.

"கத்தியைக் கீழ வையுங்கோ, பிள்ளை."

கைக்குக் கை கத்தி கொடுத்தால் பகை வரும் என்பது எங்களுக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அவர் சொன்னால் என் மனைவி பவளம் கத்தியை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய்விடுவாள். அவர் அதை நிலத்திலிருந்து எடுத்து, தன் இடது முன்னங்கையில் வைத்து ஓர் இழுவை. மயிர் உதிர்ந்தால் 'பூ' என்று ஊதுவார். அந்தக் கை உரித்த பனங்கிழங்குபோல வழுவழுவென்று இருக்கும். பிறகு கத்தியைக் காதோடு வைத்துக் கேட்பார். கேட்டுவிட்டு வீட்டிலுள்ளவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார். அதன்பிறகு எனக்குச் சோறு இறங்காது.

ஒருமுறை செத்தவீட்டுக்கு வந்தவர், பிரேதத்தைத் திரும்பியும் பாராமல் நேரே குசினிக்குப் போய்க் கத்தி கேட்டார். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் தங்கள் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். அவர் கூர் என்று சொன்ன கத்தி அன்றைக்கே இரத்தம் காணும் என்பது ஊர்க்கதை. காணாமல் என்ன செய்யும்? எல்லோரும் நடுங்கிக்கொண்டல்லவா வெங்காயம் வெட்டினார்கள்.

அந்தக் காலத்தில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து ரீத்தா அக்கா வந்து பக்கத்துக் கொட்டிலில் இருந்தார். கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. அக்கா சமைப்பதில்லை, யாரோடும் கதைப்பதில்லை. புருஷனுடைய மீன்கத்தியை மடியில் வைத்துக்கொண்டு நாள்முழுதும் வாசலில் இருப்பார். தன்னை ஏதும் செய்துகொள்வாரோ என்று பவளம் இரவிலும் எழும்பி வேலியால் எட்டிப் பார்ப்பாள். அந்தக் கத்தியைக் கேட்டு வாங்க எங்கள் இருவருக்கும் துணிவில்லை.

ஒரு மத்தியானம் அந்த வாசலிலும் பரியாரி குந்தியிருந்தார். வேலிக்கு இப்பால் நின்று பார்த்தேன். அக்கா கத்தியைக் கீழே வைத்தார். பரியாரி எடுத்துக் கையில் இழுத்தார். மயிர் நன்றாகவே உதிர்ந்தது. ஆனால் அவர் ஊதவில்லை.

"இது ஒண்டும் வெட்டாது, பிள்ளை. தீட்டிக்கொண்டு வாறன்."

கொண்டுபோனவர் திருப்பிக் கொண்டுவரவில்லை. ஒழுங்கையில் நடந்து போனவரை மறித்து, கூரான கத்தியை ஏன் கூரில்லை என்றீர்கள் என்று கேட்டேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஓம், நல்ல கூர்தான். அது இப்ப அந்தப் பிள்ளையிட்டை இருக்கக்கூடாது, தம்பி. அவ மீன் வெட்ட உங்கடை குசினிக்கு வரட்டும். உம்மடை மனுசி பக்கத்திலை இருக்கட்டும்."

பவளம் கூப்பிட்டும் ரீத்தா அக்கா வரவில்லை. பவளம் ஒரு சட்டி மீனை அவர் கண்ணுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்து, வேண்டுமென்றே தாறுமாறாக வெட்டினாள். கடற்கரைக்காரி அந்தக் கொடுமையை எவ்வளவு நேரம் பொறுப்பார்?

"விடுங்கோ. மீன் பாவம்" என்றார் அக்கா. அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்ட முதல் கதை அதுதான்.

பிறகு நாளும் எங்கள் குசினிக்கு வந்து வெட்டினார். பவளத்தின் கறிக்குக் குறை சொன்னார். ஒருநாள் அவர் சிரித்தது வெளியே நின்ற எனக்கும் கேட்டது.

மறுநாள் பரியாரி வந்தார், நாய் கட்டிலுக்குக் கீழே போனது. சாக்குத்துண்டில் சுற்றிய மீன்கத்தியை அக்காவின் முன்னால் நிலத்தில் வைத்தார்.

"தீட்டியாச்சு, பிள்ளை. இனி வெட்டும்."

அக்கா அதை எடுத்து மிச்ச மீனை வெட்டத் தொடங்கினார்.

தர்மபுரத்தை விட்டு வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. இப்போதும் புதுக் கத்தி வாங்கினால் பவளம் முதலில் நிலத்தில்தான் வைக்கிறாள். இருவரும் வாசலைப் பார்க்கிறோம். அந்த மனுசன் ஒருமுறை வந்து குந்தினால் எவ்வளவு நன்றாக இருக்கும்.