ஐந்தாம் தட்டுக்கு மூன்று மதிப்பெண்

வாயில் போட்ட பண்டம் எப்படி இருந்தாலும் முகத்தை மாற்றாமல் விழுங்கும் திறமை சிலருக்குப் பிறவியிலேயே வாய்த்துவிடுகிறது. எனக்கு வாய்க்கவில்லை. போதாக்குறைக்கு நான் பிழைப்பதும் குறை சொல்லித்தான். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் சாப்ட்வேர் டெஸ்டிங் வேலை. பத்துப் பேர் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதியதைத் தட்டிப் பார்த்து, இங்கே உடைகிறது, அங்கே ஒழுகுகிறது என்று எழுதிக் கொடுத்தால் சம்பளம் வரும். (என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டு பஜ்ஜியில் உப்பு கம்மி என்று சொன்னதே நான்தான். அதற்குப் பிறகும் கல்யாணம் நின்றுபோகவில்லை. அது என் கணவரின் ஜாதகம்.)

கல்யாணமாகி ஜீவனஹள்ளிக்கு வந்த பிறகு இந்த வியாதி முற்றியது. என் கணவர் தயாளன் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க அவர் மேலேயும் கீழேயும், நான் கம்பெனி வண்டியில் மேம்பாலத்தின் மேலும். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் இரண்டு பேரும் ஒரு கஃபேக்குப் போவோம். அவர் சாப்பிடுவார். நான் தீர்ப்பு எழுதுவேன். மொபைல் மேப்பில் கடைக்குக் கடை என் பெயரில் ஒரு கருத்து இருக்கும். ‘பப்ஸ் சூடு, பரிமாறியவர் ஜில்.’ ‘கேரட் கேக்கில் கேரட்டைத் தேடி என் மோதிரம் கழன்றுவிட்டது.’ ‘காபிமேல் இலை வரைந்திருந்தார்கள். அதைக் குடித்த நேரத்துக்கு ஒரு இலையையே மென்றிருக்கலாம்.’ முன்பின் தெரியாதவர்கள் அதற்கு லைக் போடுவார்கள். ஒவ்வொரு லைக்குக்கும் என் கழுத்து ஒரு அங்குலம் நீண்டது.

அந்தக் கழுத்துக்குத்தான் கயிறு வந்தது. எங்கள் பக்கத்துப் பேட்டையின் குடியிருப்போர் சங்கத்தில் வெங்கடேஷ் என்று ஒரு செயலாளர். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். சுற்றுவட்டாரத்து ஆறு கஃபேக்களுக்குள் ஒரு போட்டி வைக்கிறோம், நீங்கள் நடுவராக வர வேண்டும் என்று போன் செய்தார்.

“மேடம், நீங்க எழுதினது எல்லா படிச்சே. ரொம்ப ஸ்ட்ரிக்ட். நமக்கு அந்த மாதிரி ஆளுதான் பேக்கு” என்றார்.

(கன்னடத்தில் ‘பேக்கு’ என்றால் வேண்டும் என்று அர்த்தம். நடந்ததையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, அவர் தமிழ் அர்த்தத்தில்தான் சொன்னாரோ என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.)

அன்று இரவுச் சாப்பாட்டில் செய்தியை அறிவித்தேன். யாரும் கை தட்டவில்லை. காரணம் ரேகா.

ரேகா என் நாத்தனார், தயாளனின் தங்கை. ஒரு பேக்கரியில் பிஸ்கட் பாக்கெட் ஒட்டும் வேலைக்குப் போய், அங்கேயே மாவு பிசையக் கற்று, கடைசியில் ஒரு பெரிய கஃபேயில் குரோசான் செய்கிறவளாக ஆகியிருந்தாள். பிறை வடிவத்தில், ஏடு ஏடாக உதிர்கிற அந்தப் பிரெஞ்சு ரொட்டி அவள் கையில் அவ்வளவு அழகாக வரும். அந்தக் கஃபேயும் போட்டியில் இருந்தது. போட்டியில் ஜெயித்தால் அடுத்து திறக்கிற கிளையின் அடுமனைப் பொறுப்பு முழுவதும் உனக்குத்தான் என்று அவளுடைய முதலாளி ரோஹன் வாக்குக் கொடுத்திருந்தான்.

“அப்போ நீ நடுவரா போக வேணாம்மா. ஒரே வூட்டு ஆளுங்கன்னு நாலு பேர் பேசுவாங்க. சும்னே எதுக்கு பேஜாரு?” என்றார் என் மாமியார்.

“தட்டுல பேரு இருக்காது அத்தை, நம்பர்தான். யார் செஞ்சதுன்னே எனக்குத் தெரியாது. அப்படியே தெரிஞ்சாலும் ஒரு மார்க் கூடப் போடமாட்டேன். நியாயம்னா நியாயம்.”

எனக்கே என் குரலைக் கேட்கப் பெருமையாக இருந்தது. ரேகா மட்டும் சோற்றை அளைந்துகொண்டிருந்தாள். பொதுவாக இப்படிப்பட்ட நேரத்தில் அவள்தான் என்னைக் கிண்டல் செய்வாள்.

“அண்ணி, நிஜமாவே உங்களுக்கு வாயில வெச்சதும் எல்லாம் தெரிஞ்சிடுமா?” என்று கேட்டாள்.

“எல்லாமே தெரியும்” என்றேன். அவள் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டாள். பாராட்டைத் தாங்காமல் போகிறாள் என்று நினைத்தேன். எனக்கு அப்போது அவ்வளவுதான் மூளை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. கஞ்சி போட்ட காட்டன் புடவையில், உட்கார்ந்தால் மடங்காத நிலையில், கணவரோடும் மாமியாரோடும் சங்கத்து மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். என்னுடன் இரண்டு நடுவர்கள். ஒருவர் கேட்டரிங் கல்லூரி ஆசிரியை. எதைக் கொடுத்தாலும் “நைஸ்” என்பார். இன்னொருவர் காபிக்கொட்டை வறுத்து விற்கும் நிபுணர். குடுமி வைத்திருந்தார். காபியை அவர் உறிஞ்சிய சத்தத்தில் மண்டபத்தின் பின்வரிசைக் குழந்தை ஒன்று அழுதது.

ஒவ்வொரு கஃபேயிலிருந்தும் ஒரு குரோசான், ஒரு காபி. தட்டிலும் கோப்பையிலும் எண் மட்டும். பத்துக்கு மதிப்பெண் போட்டுக் கீழே கருத்து எழுத வேண்டும். கருத்து கடைக்காரர்களுக்கு மட்டும்தான் போகும், தாராளமாக எழுதுங்கள் என்றார் வெங்கடேஷ். என்னிடம் போய்த் தாராளம் என்ற வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது.

முதல் தட்டு சுமார். இரண்டாவதைக் கடித்ததும் மேலோடு நொறுங்கிப் புடவையெல்லாம் சிதறியது. உள்ளே தேன்கூடு. வெண்ணெய் மணம் மூக்கு வரை ஏறியது. என் நாக்கு சொன்னது, இது நம் ரேகா. எட்டு போட்டேன். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அதை ஒன்பதாகத் திருத்தினேன். (ஆமாம், நியாயம்னா நியாயம்தான். ஒரு மார்க்தானே?)

மூன்றாம் எண் காபி தேயிலைத் தண்ணீர் நிறத்தில் வந்தது. பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. ஒரு வாய் குடித்தேன். புளித்தது. இரண்டாவது வாயும் புளித்தது. ‘இது நேற்றைய டிகாக்‌ஷன். சூடாக்கிக் கொடுத்து ஏமாற்றுகிறார்கள்’ என்று எழுதி ஒன்று போட்டேன். அந்த ஒன்று கூடக் கோப்பை சுத்தமாக இருந்ததற்காக.

பிறகு ஐந்தாம் தட்டு. பார்வைக்குப் பொன் நிறம், கோயில் சிற்பம் மாதிரி வரி வரியாக ஏடு. கடித்தால் மேலண்ணத்தில் மெழுகு ஒட்டியதுபோல ஒரு படலம். நாக்கால் தள்ளினாலும் போகவில்லை. இரண்டாம் தட்டில் நம் ரேகா இப்படி உயிரைக் கொடுத்திருக்க, இங்கே எவனோ இப்படிச் செய்திருக்கிறானே என்று கோபம் வந்தது. எழுதினேன்: ‘இதில் வெண்ணெயே இல்லை. வனஸ்பதியை வைத்து, அந்த வாடையை வெனிலாவால் மூடியிருக்கிறார்கள். செய்தவருக்குத் தன் வேலையில் துளி அக்கறை இல்லை.’ மூன்று மதிப்பெண். கடைசி வரியின் கீழ் ஒரு கோடும் போட்டேன்.

பரிசு கொடுக்க வேண்டிய வட்டாரப் பிரமுகர் வரவில்லை. அரை மணி நேரம் ஆகியும் வரவில்லை. கூட்டம் எழுந்து போய்விடுமோ என்று பயந்த வெங்கடேஷ், நேரத்தை ஓட்ட ஒரு வழி கண்டுபிடித்தார். நடுவர்களின் கருத்துத் தாள்களை எடுத்து, மைக்கில் வாசிக்க ஆரம்பித்தார்.

நான் எழுந்து கையைக் காட்டினேன். அவர் நான் வணக்கம் சொல்வதாக நினைத்துப் பதில் வணக்கம் சொன்னார்.

“காபி நம்பர் மூணு. நேற்றைய டிகாக்‌ஷன், சூடாக்கிக் கொடுத்து ஏமாற்றுகிறார்கள்.”

குடுமிக்காரர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். “மேடம், அது சிக்கமகளூர் தோட்டத்துக் கொட்டை. அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி உங்க கண்ணு முன்னாடி வடிகட்டினது. அந்தப் புளிப்புதான் அதோட தரமே.”

“தரம் எதுக்குங்க புளிக்குது?” என்று கேட்டேன். மைக் பக்கத்திலேயே இருந்ததால் அது எல்லோருக்கும் கேட்டது. மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் என் மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தக் கொட்டையை வறுத்து அந்தக் கடைக்கு விற்றவரே குடுமிக்காரர்தான், அதற்குப் பத்து போட்டவரும் அவர்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் அன்றைய கோமாளி நான்.

சிரிப்பு அடங்குவதற்குள் வெங்கடேஷ் அடுத்த தாளுக்குப் போய்விட்டார். “குரோசான் நம்பர் அஞ்சு.” வெண்ணெய் இல்லை, வனஸ்பதி, வெனிலா, அக்கறை. நான் போட்ட கோட்டுக்கு மரியாதை செய்து, கடைசி வரியை அவர் இரண்டு முறை வாசித்தார்.

ரோஹன் எழுந்து நின்றான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவன் பின்னால் வெள்ளை ஏப்ரனில் ரேகா உட்கார்ந்திருந்தாள். அவள் காது மட்டும் சிவந்திருந்தது.

“எங்க கடை வாசல்லயே எழுதியிருக்கு, சுத்தமான வெண்ணெய் மட்டும்னு. இப்போ போட்ட காபியை நேத்து காபின்னு சொன்ன மேடம்தான் இதையும் சொல்றாங்க. இவங்க நாக்கை வெச்சு எங்க பேரைக் கெடுப்பீங்களா?” என்றான் ரோஹன்.

மறுபடி சிரிப்பு. நைஸ் ஆசிரியை என் முழங்கையைத் தொட்டு, தவறுதலாக எழுதிவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள், முடிந்துவிடும் என்றார். வெங்கடேஷ் மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினார். தயாளன் தூரத்திலிருந்து, சொல்லிடு என்று கையால் கெஞ்சினார். சொல்லியிருந்தால் நாத்தனாருக்குக் கிளை கிடைக்கும், மாமியாருக்கு மானம் கிடைக்கும், எனக்கு மதியச் சோறு கிடைக்கும். ஆனால் அந்தப் படலம் அப்போதும் என் மேலண்ணத்திலேயே இருந்தது. அதை வைத்துக்கொண்டு எப்படி வாய் திறந்து பொய் சொல்வது?

“காபி விஷயத்துல எனக்கு விவரம் பத்தாம இருக்கலாம். ஆனா இது வெண்ணெய் இல்லை. மார்க்கை மாத்தமாட்டேன்” என்றேன்.

ரோஹன் ரேகாவைப் பார்த்துத் திரும்பினான். “நீயே சொல்லு ரேகா. என்ன போட்டே?”

அவள் எழுந்து வந்தாள். மைக்கை வெங்கடேஷிடமிருந்து வாங்கினாள். என்னைப் பார்க்கவில்லை.

“மார்ஜரின்” என்றாள். “வனஸ்பதி இல்ல, அண்ணி. அது வேற, இது வேற. இது வெண்ணெய்க்குப் பதிலா வர்ற மலிவுச் சரக்கு. மூணு வாரமா அதான் குடுக்குறாங்க. போட்டிக்காச்சும் வெண்ணெய் வாங்குங்க சார்னு சொன்னேன். யாருக்குத் தெரியப் போவுதுன்னு சொன்னாரு.” மைக்கை மறு கைக்கு மாற்றினாள். “அக்கறை இல்லாம இல்ல. நாலு மணிக்கு எழுந்து மடிச்சேன்.”

யாரும் சிரிக்கவில்லை. அவள் ஏப்ரனைக் கழற்றி, நான்காக மடித்து, ரோஹன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனாள். பிரமுகர் சரியாக அந்த நேரம் மாலையோடு உள்ளே வந்தார்.

பரிசு இரண்டாம் தட்டுக்குப் போனது. அதைச் செய்தது பிரேசர் டவுனில் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாள். எனக்கும் அவருக்கும் எந்தச் சொந்தமும் இல்லை. நான் திருட்டுத்தனமாகப் போட்ட அந்த ஒரு மார்க், போகவேண்டிய வீட்டை விட்டு வேறு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

ஆட்டோவில் நாலு பேரும் நெருக்கியடித்து வந்தோம். தயாளன் ஓட்டுநர் பக்கத்தில். செருப்பைக் கழற்றும்போதுதான் மாமியார் வாயைத் திறந்தார்.

“வேலைக்கிப் போய்க்கினு இருந்த பொண்ண வூட்ல குந்த வெச்சிட்டியேமா. நல்லா கீது உன் நியாயம்.”

நான் ரேகாவின் அறைக்குப் போனேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“மூணு மார்க் போட்டதுக்கு மன்னிப்புக் கேக்கமாட்டேன்” என்றேன். “அந்தக் கடைசி வரிக்குக் கேக்குறேன். அது தெரியாம எழுதினது. நாக்குக்குத் தெரியாததை எழுதிட்டேன்.”

சுவரைப் பார்த்தபடியே, “கோடு வேற போட்டீங்களே” என்றாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எட்டிப் பார்த்தேன். இரண்டும்.

பன்னிரண்டு நாள் என் மாமியார் என்னிடம் பேசவில்லை. காபி மட்டும் மேசையில் வந்து நிற்கும். (வாயைத் திறக்காமல் குடித்தேன். நியாயத்துக்கும் ஒரு எல்லை உண்டு.) பதின்மூன்றாம் நாள் பிரேசர் டவுன் அம்மாள் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். “வெண்ணெய் இல்லாமலே அப்படி ஏடு எடுத்த பொண்ணு யாரு? வெண்ணெய் கொடுத்தா என்ன செய்யும்னு பார்க்கணும்” என்று மாமியாரிடம் கேட்டார். அடுத்த திங்கட்கிழமை ரேகா வேலைக்குப் போனாள். இப்போது அந்தக் கடையின் அடுமனை அவள் பொறுப்பு.

அதனால் எனக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ரேகாவின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு என் மாமியார் என்னை அறிமுகப்படுத்தியது இப்படித்தான்: “இவ என் மருமக. கம்ப்யூட்டர் வேலை. சாப்பாட்டப் பத்தி மட்டும் இவகிட்ட எதுவும் கேட்டுடாதீங்க.” தயாளன் மொபைலில் என் பெயர் இருந்த இடத்தில் ‘மூணு மார்க்’ என்று இருக்கிறது. நான் போன் செய்தால் அவருடைய லிஃப்ட் கம்பெனியே எட்டிப் பார்த்துச் சிரிக்கிறதாம். அந்தக் குடுமிக்காரர் காபியைப் பிறகு மூன்று கடையில் குடித்துப் பார்த்தேன், விவரம் கற்றுக்கொள்ளலாம் என்று. விவரத்தோடு குடித்தாலும் புளிக்கத்தான் செய்கிறது.

ரேகா இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கடையிலிருந்து ஒரு குரோசான் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். நான் மென்று முடிக்கும் வரை வீட்டில் டிவி கூட ஓடாது. போன வாரம் ஒன்பதரை என்றேன்.

“அந்த அரை எங்க அண்ணி?” என்றாள்.

“அடி கொஞ்சம் கருகியிருக்கு.”

“அது கருகல் இல்ல. கலர்.”

தயாளன் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார். மாமியாரும் சேர்ந்துகொண்டார். “சொந்த நாத்தனாரு, அரை மார்க்கு போட்டா கை என்ன தேஞ்சா பூடும்?” என்று மதியம் வரை கேட்டார்கள். கேட்டுக்கொண்டே இருக்கட்டும். அடி கருகித்தான் இருந்தது.