பௌர்ணமி பிறப்பதற்குள் ஒரு மீன்

எனக்கு மீன் பிடிக்கும். மீன் பிடிக்கத் தெரியாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதில்தான் எனக்குக் கல்யாணமே ஆனது.

பெண் பார்க்கப் போன அன்று, கீழ்பென்னாத்தூரில் என் வருங்கால மாமனார், "மாப்ளைக்கு மீனு புடிக்குமா?" என்று கேட்டார். சாப்பாட்டு விஷயமாகத்தான் கேட்டார். நான் இருந்த பதற்றத்தில், "சூப்பரா புடிப்பேங்க. தூண்டில் போட்டா ரெண்டு கிலோவுக்குக் கம்மியா வராது" என்று சொல்லிவிட்டேன். (அதுவரை தூண்டிலைப் படத்தில்தான் பார்த்திருந்தேன்.)

எட்டு வருடம் எப்படியோ ஓட்டினேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவண்ணாமலையில் எங்கள் வீட்டுக்கு வந்த மாமனார் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "மாப்ளே, உங்க கையால புடிச்ச மீனுல கொழம்பு சாப்ட்டுட்டுத்தான் இன்னைக்கு ஊருக்குப் போறேன்."

"இன்னைக்குப் பௌர்ணமிப்பா. கவிச்சி ஆகாது" என்றாள் என் மனைவி சாந்தி. அவள் வாயில் சர்க்கரையைப் போடலாம் என்று நினைத்தேன்.

"பௌர்ணமி சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் பொறக்குது. காலண்டர்ல போட்டிருக்கான். அதுக்குள்ள சாப்ட்டு ஏப்பமே விட்டுடலாம். பசங்களையும் இட்டுக்கினு போங்க, பாக்கட்டும்."

சாந்தி மாங்காய் நறுக்க உட்கார்ந்துவிட்டாள். "வெள்ளை வேட்டியச் சேறாக்கிட்டு வருவீங்க" என்று, கோயிலுக்கு மாலை போட்டபோது நான் கட்டிய பழைய காவி வேட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில், கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு குளம். போய் இறங்கிய ஐந்தாவது நிமிடம் நான்கு வயது பாபு சேற்றில் விழுந்தான். அவன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு என் சட்டையை மாட்டிவிட்டேன். ஆக, வெற்றுடம்பு, காவி வேட்டி, ஒரு வாரத் தாடி, கையில் தூண்டில் கட்டிய மூங்கில் கழி. (நீங்கள் கவனித்துவிட்டீர்கள். நான் அன்று கவனிக்கவில்லை.)

"பேசினா மீனு ஓடிடும். உஷ்!" என்று பிள்ளைகளை எச்சரித்துவிட்டுத் தூண்டிலைப் போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், தின்னக் கொடுத்த பொரியை இருவரும் தண்ணீரில் வீசிவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கோயில் ஊர்ப் பிள்ளைகள். அவர்களுக்குத் தெரிந்த மீனெல்லாம் கோயில் குளத்து மீன்தான்.

"என்ன பாப்பா பண்றே?"

"சாமி மீனுப்பா. நீயும் கும்பிடு" என்றாள் ஏழு வயது கவிதா.

பௌர்ணமி என்பதால் மத்தியானமே வெளியூர்க் கூட்டம் மலையைச் சுற்ற ஆரம்பித்திருந்தது. இரண்டு அம்மாக்கள் நின்றார்கள். "இது எந்தத் தீர்த்தம் பாப்பா?"

"மீன் தீர்த்தம்." (தெரியாது என்று சொல்லும் வழக்கம் எங்கள் வம்சத்தில் இல்லை.)

"சாமி, இங்க என்ன விசேஷம்?" என்று என்னைக் கேட்டார்கள். அப்போதுதான் தண்ணீரில் தூண்டில் தக்கை லேசாக ஆடியது. நான் உதட்டில் விரலை வைத்தேன்.

"மௌனசாமிடி!" என்று இருவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அரை மணியில் நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். மூட்டையோடு பொரி வந்து இறங்கியது. ஒரு அம்மா, மகளுக்கு நல்ல இடமாக அமைய வேண்டும் என்று முறம் முறமாகப் போட்டார். குளத்து மீனெல்லாம் என் காலடிக்கு வந்துவிட்டது. எழுந்து ஓடிவிடலாம் என்றால், மீன் இல்லாமல் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

எங்களைக் காணோமே என்று மாமனார் சைக்கிளில் தேடி வந்தார்.

"பெரியவரே, செருப்பக் கழட்டிட்டு வாங்க" என்றார் யாரோ. கழற்றிவிட்டுத்தான் வந்தார். என் காதோரம் குனிந்து, "மாப்ளே, மணி நாலரை. மீனு?" என்றார்.

அப்போது தக்கை முழுசாக முழுகியது. மூங்கில் வில்லாக வளைந்தது. என் கை நடுங்கியது. பிறகு ஆள் முழுக்க நடுங்கினேன்.

"சாமிக்கு அருள் வந்திருச்சு!" என்று ஒருவர் கற்பூரம் கொளுத்தினார்.

"இழுப்பா! தாத்தாக்கு மீன் கொழம்பு!" என்று குதித்தான் பாபு.

மகள் கல்யாணத்துக்கு வேண்டிக்கொண்ட அம்மா என்னைப் பார்த்தார், கழியைப் பார்த்தார், கழி நுனியில் இருந்த நரம்பைப் பார்த்தார். இன்னும் ஒரு விநாடி போனால் புரிந்துவிடும். தண்ணீருக்குள் இருப்பது ரெண்டு கிலோவுக்குக் கம்மியில்லை. என் எட்டு வருட மானம். ஆனால் அந்த அம்மாவின் மகளுடைய கல்யாணத்தையே தின்ற மீன் அது. எப்படி இழுப்பது?

கையை விட்டேன். மூங்கிலை இழுத்துக்கொண்டு மீன் நடுக்குளத்துக்குப் போயே விட்டது.

"பாத்தீங்களா, தண்டத்தையும் துறந்துட்டாரு!" என்று அலறினார் கற்பூரக்காரர். நாற்பது பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாமனாரும் போட்டுக்கொண்டார். (அவருக்கும் வேறு வழியில்லை.)

ஐந்தரை மணிக்கு, வெறும் மாங்காய் மிதக்கும் மீன் குழம்பைச் சாந்தி ஊற்றினாள். மாமனார் சோற்றில் விரலால் ஒரு தேடு தேடிவிட்டு, "கொழம்பு அருமை, மாப்ளே. மீனுதான் கம்மி" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மீன் போடாமல் வைக்கும் மீன் குழம்புக்குத் 'தீர்த்தக் குழம்பு' என்று பெயர். கல்யாணமாகிப் போன கவிதா, புருஷன் வீட்டிலும் அதே பெயரைச் சொல்லி வைத்திருக்கிறாள். எங்கள் மாப்பிள்ளை ரொம்ப பக்தி. குளித்து, விபூதி பூசி, கிழக்கே பார்த்து உட்கார்ந்து, முதல் கரண்டியை உள்ளங்கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். ஒரு வாரம் கண் எரிச்சல்.